மல்லாங்கிணற்றில் பனி பெய்த விவரம்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு புரட்டாசியில், மல்லாங்கிணற்று விவசாயி கருப்பணன் வறட்சிச் சான்று கோரிச் சூலக்கரை அலுவலகத்துக்குச் சென்றார். முளைத்த சோளம் முழுவதும் கருகிவிட்டது. சான்று கிடைத்தால் அரசு விதை கிடைக்கும். ஐப்பசி மழைக்குள் விதைக்காவிட்டால் அவ்வாண்டு அவர் வீட்டில் உலை ஏறாது.

முன்பெல்லாம் வயலைப் பார்த்துச் சான்று வழங்கும் காட்டுமிராண்டி வழக்கம் இருந்தது. அது ஒழிக்கப்பட்டது. இப்போது செயற்கைக்கோள் ஒன்று, பூமியிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிர்களைப் பகுத்து, எவ்வூரில் எவ்வளவு வெப்பம், காற்றில் எவ்வளவு நீராவி என்று அளந்து அனுப்பியது. அதைப் பெற்றுக்கொள்ளச் சங்கரலிங்கம் என்ற அதிகாரி, குளிரூட்டிய அறையில் அமர்த்தப்பட்டிருந்தார்.

“உங்க ஊரு மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி,” என்றார் அவர்.

கருப்பணன் வியர்வையைத் துண்டால் துடைத்தார். “அது எம்புட்டுச் சூடு சார்?”

“சூடு இல்லை. தண்ணி உறையுறதுக்கும் ரொம்பக் கீழ.”

கணினி முன் அமர்ந்திருந்த எழுத்தர் அழகுமீனா மெல்லக் குறுக்கிட்டாள். “சார், அளந்த அன்னைக்கு அங்கன மேகம் நின்னுச்சு. மேகத்தத் தாண்டி இந்தக் கதிர் வராது. மேகத்து உச்சியத்தான் அளந்திருக்கு.”

“மேகம் எந்த ஊருக்கு மேல நின்னுச்சு?”

“மல்லாங்கிணத்துக்கு மேல.”

“அப்ப அது மல்லாங்கிணத்துக் குளிர்தானம்மா. நீராவியும் ஏராளமா இருக்கு, பாரு.”

“அது கீழ இறங்கலையே சார்,” என்றார் கருப்பணன்.

“இறங்குறது எங்க பிரிவு இல்ல. மைனஸ் முப்பத்தெட்டுல வறட்சிக்கு விதி கிடையாது. பனியால பயிர் போச்சுன்னு எழுதிக் குடுங்க. அதுக்கும் விதை உண்டு.”

பொய் எழுத மாட்டேன் என்று ஊர் திரும்பினார் கருப்பணன். மைத்துனன் பாண்டிச்செல்வம் வழிமறித்தான்.

“எழுதுனா என்ன மாமா?”

“பனிமலைய நான் திருத்தங்கல்ல அச்சடிச்ச காலண்டர்லதாம்லே பாத்திருக்கேன்.”

“சாமியையும் அதுலதான பாத்திருக்கீக? கும்புடலையா?”

மூன்று நாள் யோசித்தபின், பனிப்பொழிவால் தமக்குக் கண் கூசியதாகவும் பயிர் விறைத்ததாகவும் கருப்பணன் எழுதிக்கொடுத்தார். அவரைப் பின்பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கண் கூசியது. விதையோடு ஆளுக்கொரு கம்பளி வழங்கவும், அதைப் போர்த்தி வந்தவர்க்கே விதை தரவும் ஆணை பிறந்தது.

விதை வழங்கும் நாளன்று வானம் மேகமின்றித் துப்புரவாக இருந்தது. “இன்னைக்கு நாப்பத்தொண்ணு சார்,” என்றாள் அழகுமீனா.

“ஒரே மாசத்துல எழுபத்தொன்பது டிகிரி ஏத்தியிருக்கோம்,” என்று சங்கரலிங்கம் பெருமிதத்தோடு குறித்துக்கொண்டார்.

அலுவலக வாசலில், உச்சி வெயிலில் கம்பளிகள் வரிசையில் நின்றன. பாண்டிச்செல்வம் மட்டும் தன்னுடையதைத் தோளில் மடித்துப் போட்டிருந்தான்.

“போத்துலே,” என்று பல்லைக் கடித்தார் கருப்பணன். “ஒருத்தன் வேர்வையால ஊருக்கே விதை போயிரும்.”

போர்த்தினான், கால் மணி நேரத்தில் சுருண்டு விழுந்தான். அவன் பெயருக்கு எதிரே ‘குளிர் தாங்காமல் மயக்கம்’ என்று சங்கரலிங்கம் எழுதி, சாட்சி கேட்டார்.

கருப்பணன் அப்போதுதான் வாங்கிய விதை மூட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்திட்டார்.