முகவர்களுக்கு மட்டும்

கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையின்படி, மலையகத்திலுள்ள எங்கள் பிரதேச செயலக அலுவலகத்துக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர் நியமிக்கப்பட்டிருந்தது. இணைய உலாவியைத் தானே திறந்து, பொத்தான்களைத் தானே அழுத்தி, விண்ணப்பங்களைத் தானே நிரப்பும் மென்பொருள் அது. வந்து சேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் அதன் கருவிகளை விளக்கும் கையேடு முன்கூட்டியே தயாராக வேண்டும். "முகவரை எதையும் ஊகிக்க விடலாகாது. அது குழம்பினால் எழுதியவரே பொறுப்பாளியாவார்" என்று சுற்றறிக்கை எச்சரித்தது.

கணினி படித்தவர் எவரும் இல்லாததால், கணினிக்குப் பக்கத்து மேசையில் இருந்த என்னிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. நான் படித்தது பொருளியல். பயத்தோடு மூன்று வாரம் எழுதினேன்.

'அழுத்து' என்ற கருவி பொத்தானை ஒரு தடவை அழுத்தும். பக்கம் மாறாவிட்டால் மறுபடி அழுத்தாதே, பத்து விநாடி பொறு. 'நிரப்பு' என்ற கருவி பெட்டியில் எழுத்தை இடும். வீட்டு இலக்கம் இல்லாதவருக்கு தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பெயரையும் அதிலுள்ள காம்பரா அறையின் இலக்கத்தையும் இடு. 'பதிவேற்று' என்ற கருவி கடிதங்களை அனுப்பும். வீட்டுக் காணி விண்ணப்பத்துக்கு ஐந்து கடிதங்கள், அவை இன்னின்னவை, ஆறாவதாக எதையும் கேட்காதே.

நிர்வாக உத்தியோகத்தர் யோகேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தம்பி இது? வாசிச்ச உடன விளங்குது!"

"மன்னிச்சிருங்க சார். மெசினுக்குன்னுதான்…"

"மெசினுக்கெண்டால் சரி. சனத்தின்ர கையில போனால் நாளைக்கு கவுண்டருக்கு ஆர் வருவினம்?"

முதற்பக்கத்தில் 'முகவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை குத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து ஜீவராணி வந்தார். மண்சரிவில் லயம் போனபிறகு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில், தொட்டில்களுக்கு நடுவே, மூன்று பிள்ளைகளோடு படுத்திருப்பவர்.

"நாலாவது தடவ வர்றேங்க தம்பி. வர்றப்பல்லாம் ஒரு கடிதம் கொறையுதுங்கிறாங்க. காணிக்கு எழுதிப் போடறது இன்னைக்கு நாலு மணியோட முடியுதாம்ல? மொத்தம் எத்தன கடிதம்னு ஒரே வாட்டியா சொல்லிப்புடுங்க."

அவர் கண் என் மேசைமேல் இருந்த கையேட்டில் விழுந்தது.

"இதுல இருக்கு போலயே."

"அது முகவர்களுக்கு மட்டுங்கக்கா."

"அப்ப என்னையும் முகவர்னு எழுதிக்கங்க."

நான் யோகேஸ்வரனிடம் ஓடினேன். ஜீவராணியும் பின்னாலேயே வந்தார். அவர் சுற்றறிக்கையின் வரைவிலக்கணத்தை உரக்க வாசித்தார். "முகவர் எனப்படுவது, சொன்னதைச் சொன்னபடி செய்வதும், களைப்படையாததும், எதிர்க்கேள்வி கேளாததுமாகும்."

"முப்பது வருசமா மலையில நான் செஞ்சது அதுதாங்க சார்" என்றார் ஜீவராணி.

யோகேஸ்வரன் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். இயந்திரமாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஜீவராணி முகவர் பதிவேட்டில் கையெழுத்திட்டார். கையேடு வழங்கப்பட்டது.

"அட, இந்த அஞ்சையும் ரெண்டாவது தடவையே கொண்டாந்திருந்தேனே!" என்றார் ஜீவராணி, பையிலிருந்து அவற்றை எடுத்தபடி.

கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலை வரியில் வைத்து, மறு விரலால் அழுத்தினார். பத்து விநாடி பொறு என்ற இடத்தில் வாய்விட்டுப் பத்து எண்ணினார். நான்கு மாதமாக நாங்கள் பதினொரு பேர் செய்துகொண்டிருந்த வேலையை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார். மணி மூன்று ஐம்பது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சிறிய பெட்டி இருந்தது: 'நான் இயந்திரம் அல்ல.'

விரல் போனது. "தொடாதேங்கோ!" என்றார் யோகேஸ்வரன். "முகவர் எண்டு கையெழுத்து வச்சிட்டியள். இப்ப இல்லையெண்டால் பொய்ப் பிரகடனம்."

ஜீவராணி கையேட்டைப் பார்த்தார். அந்த இடத்துக்கும் நான் எழுதியிருந்தேன்: இந்தப் பெட்டியை முகவர் தொடக்கூடாது. அருகிலுள்ள மனிதர் ஒருவரைக் கூப்பிடு. வரும்வரை பொறு.

அவர் எழுந்து நின்று கூப்பிட்டார்.

"இங்க மனுசங்க யாராச்சும் இருக்கீங்களா?"

யோகேஸ்வரன் சுற்றறிக்கையை மறுபடி விரித்தார்.

"எந்தத் தரத்து மனிதர் எண்டு சுற்றறிக்கையில போடேல்லை" என்றார் யோகேஸ்வரன்.

"எனக்குக் குடுத்திருக்கது ஓய்வூதியப் பிரிவு மட்டுங்க" என்றார் எதிர் மேசை நிஷாந்தி.

"அதுக்கு ஒருத்தர் இருந்தாருங்க. போன மாசந்தான் ஹட்டனுக்கு மாத்தலாகிப் போனாரு" என்றார் அலுவலக உதவியாளர் சோலைமலை.

நான் தகுதிகாண் காலத்தில் இருப்பவன். பதவி நிரந்தரமாக்கப்படாத ஒருவர் மனிதராகச் செயற்படலாமா என்று கையேட்டைப் புரட்டினேன். எழுதியவர் அதைத் தெளிவுபடுத்தியிருக்கவில்லை.

"தம்பி, பிள்ளைங்க இருக்கு" என்றார் ஜீவராணி, என்னைப் பார்த்து. நான் மறுபடி முதற்பக்கத்திலிருந்து தேடினேன்.

நான்கு மணிக்குப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

அன்றே மேலிடத்துக்கு அறிக்கை போனது. "முகவரின் செயற்பாட்டில் குறைபாடு எதுவும் அவதானிக்கப்படவில்லை. குறித்த நேரத்தில் அலுவலகத்தில் மனிதர் எவரும் இருக்கவில்லை."

பதினொரு பேரும் கையொப்பமிட்டோம்.