நூற்றைம்பது ஆட்டம் பார்த்த டோரீன்

ஓய்வுபெற்ற தபால்காரர் கிளிஃபோர்ட் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு சபதம் எடுத்தார். உயிரே போனாலும் சரி, சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போயே தீருவது.

அவருடைய ஆக்கன்ஷா டவுன், நாலாம் டிவிஷனில் தள்ளாடிக்கொண்டிருக்கும் கால்பந்து கிளப். அதற்குக் கோப்பைப் போட்டிக் குலுக்கலில் பெரிய கிளப் ஒன்றின் மைதானம் விழுந்திருந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன் அதே மைதானத்துக்கு அவரும் நண்பர் நெவிலும் போய், ஐந்து கோல் வாங்கி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு திரும்பினார்கள். "சாகறதுக்குள்ள இன்னொரு தடவை இங்க வரணும்டா" என்றார் நெவில். வரவில்லை. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இரண்டு பேருக்குமாகத் தான் போய்விட்டு வருவது என்று கிளிஃபோர்ட் தீர்மானித்துவிட்டார்.

ஆனால் பெரிய கிளப்காரன் கிள்ளிக் கொடுத்தது தொள்ளாயிரம் டிக்கெட். ஊரே கிளம்பி நிற்கிறது. வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினால் ஒரு தடவைக்கு ஒரு புள்ளி. நூற்றைம்பது புள்ளி உள்ளவர்களுக்கு மட்டும் டிக்கெட் என்று அறிவித்துவிட்டார்கள்.

கிளிஃபோர்டுக்கு நூற்று நாற்பத்தெட்டு.

பாழாய்ப்போன பித்தப்பைக் கல்! அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தபோது இரண்டு ஆட்டம் போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தவர், தன் பெயருக்குக் கீழே இருந்த பெயரைக் கண்டு நிமிர்ந்தார். டோரீன், நூற்றைம்பது.

டோரீன் அவர் மனைவி. பந்து உருண்டையா சதுரமா என்று அறியாத மகராசி. ஒரே விலாசத்துக்காரர்களுக்குத்தான் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பது கிளப்பின் சட்டம். நெவிலோடு உட்கார ஆசைப்பட்டு, மனைவியிடம் மூச்சுவிடாமல் அவள் பெயரில் ஓர் உறுப்பினர் கார்டு வாங்கினார் கிளிஃபோர்ட். அடர்ந்த மீசையும் தொப்பையுமாக நெவில், பதினொரு வருஷம் டோரீனாகவே நுழைந்து டோரீனாகவே வெளியே வந்தார். கேட்டில் ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கிளிஃபோர்ட் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு ஆட்டத்துக்கும் நெவில் தனியாகப் போய்வந்ததில்தான் டோரீனுக்கு இரண்டு புள்ளி கூடுதல்.

இந்த முறை ஆளே நேரில் வந்து, போட்டோவைக் காட்டி டிக்கெட் வாங்க வேண்டுமாம். வாங்கிவிட்டால் போதும். நெவிலே டோரீன் என்றால் நான் ஆகக் கூடாதா என்று கிளிஃபோர்ட் கணக்குப் போட்டார்.

"டோரீன், வியாழக்கிழமை கடைத்தெருப் பக்கம் போவோமா? சூடா மீட் பை சாப்பிடலாம். டீ குடிக்கலாம்."

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் டோரீன்.

"ஏன், பொண்டாட்டியை வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"கூடாதுன்னு யாரு சொன்னா? நாப்பது வருஷமாத் தோணலையே, அதான் கேட்டேன்."

"போற வழியில கிளப் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. பெரியவங்களுக்கு ஏதோ கணக்கெடுப்பாம். பஸ் பாஸைக் கையில வச்சுக்கோ, போட்டோ கேப்பாங்க."

"சரி" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்றதிலேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை.

வியாழக்கிழமை கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "நீங்கதானா டோரீன்! வெளியூர் ஆட்டம் மட்டும் நூத்தம்பது! எங்க கிளப்ல எந்தப் பொம்பளையும் இவ்வளவு பார்த்ததில்லை. ஆனா உங்களை அங்க பார்த்த மாதிரியே இல்லையே?"

கிளிஃபோர்ட் சட்டென்று சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் அதிகமாச் சத்தம் போடறதில்லை" என்றாள் டோரீன் நிதானமாக.

"இத்தனையில எது உங்களுக்கு மறக்க முடியாதது?"

தொலைந்தோம் என்று கிளிஃபோர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தத் துறைமுகத்து ஊர்ல கோப்பை ஆட்டம்தான்" என்றாள் டோரீன். "பஸ் வழியில படுத்துடுச்சு. தள்ளினோம். போய்ச் சேரும்போது பதினோரு நிமிஷம்தான் பாக்கி. அந்தப் பதினோரு நிமிஷமும் மழை. கோலே விழலை. ஆனா திரும்பி வரும்போது ஜெயிச்ச மாதிரி பாடிக்கிட்டே வந்தோம். சாக்ஸைப் பிழிஞ்சு பஸ் ஜன்னல்ல காயப் போட்டிருந்தோம்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளிஃபோர்டுக்கு வாய் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரும் நெவிலும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசிய பேச்சு! இவள் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்குதானே உரித்துக்கொண்டிருந்தாள்?

டிக்கெட் வந்தது. டோரீன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் கிளிஃபோர்ட் கையை நீட்டினார். "குடு."

"எதை?"

"டிக்கெட்டை."

"அதுல யார் பேர் இருக்கு?"

"டோரீன், விளையாடாதே. உனக்குத் தெரிஞ்சிருக்கா இது?"

"தெரியாம? வருஷா வருஷம் என் பொறந்தநாளுக்கு முதல் வாழ்த்து அந்தக் கிளப்ல இருந்துதான் வருது. நீ சாயங்காலம் ஞாபகம் வந்து பூ வாங்கப் போவே."

"சரி, தப்புதான். ஆனா இது நெவில் ஆசைப்பட்ட மைதானம். எனக்கு இது எவ்வளவுன்னு..."

"தெரியும். நெவில் போனப்புறமும் ரெண்டு டிக்கெட் வாங்கினே. பக்கத்து இருக்கையில உன் கோட்டையும் பிளாஸ்க்கையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்தே. என் பேர்ல வாங்கின டிக்கெட் கிளிஃப் அது. ரெண்டு வருஷம் காலியாக் கிடந்துச்சு. ஒரு வார்த்தை, வர்றியான்னு என்னைக் கேட்டியா?"

கிளிஃபோர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு யாரையும் அந்த இடத்தில் பார்க்க மனசு வரவில்லை என்று சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் இன்னும் மோசமாகப் போகும் என்று தோன்றியது.

"நூத்தம்பது சனிக்கிழமை வீட்டுல தனியா உட்கார்ந்திருந்தேன்" என்றாள் டோரீன். "அத்தனை நாளும் நான் உங்கூட வெளியூர்ல இருந்ததா இந்தக் கிளப் எழுதி வச்சிருக்கு. ஒரு தடவையாவது போய்ப் பார்த்துட்டு வரேன், எங்க இருந்தேன்னு."

மீட் பை சாப்பிடவே இல்லை.

சனிக்கிழமை காலை கிளிஃபோர்ட்தான் பிளாஸ்க்கில் சூப் ஊற்றிக் கொடுத்தார். தன் மஃப்ளரை அவர் கையாலேயே அவள் கழுத்தில் சுற்றினார். கிளப் பஸ் கிளம்பிப் போயிற்று. வீட்டுக்கு வந்து, பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியதும் ரேடியோவைப் போட்டார். ஆறு கோல். ஆறையும் எதிரிதான் போட்டான். ஆட்டம் முடிந்த பிறகு வீடு அப்படியே கப்சிப்பென்று இருந்தது. டீ போட்டார்; பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுதான் ஆகியிருந்தது. இவள் எப்படித்தான் இத்தனை சனிக்கிழமையை ஓட்டினாள் என்று மனுஷன் அப்போதுதான் யோசித்தார். மன்னிப்புக் கேட்டுவிடுவது, இனி எங்கே போனாலும் சேர்ந்தே போவது என்று முடிவு செய்தார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு பஸ் நிற்கும் இடத்துக்கே போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருந்தார். கதவு திறந்தது. தொண்டை கட்டிப்போய், கன்னம் சிவந்து டோரீன் இறங்கினாள். பின்னாலேயே மூன்று பெண்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கிளிஃபோர்டும் சிரித்தபடி கிட்டே போனார். "என்ன டோரீன், என்ன விஷயம்? சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பாவம் என்பதுபோல் பார்த்தாள்.

"சொன்னாப் புரியாது கிளிஃப். அங்க இருந்திருக்கணும்."