பதினெட்டு விநாடிக் குழல்

மனிதகுலத்தின் பரம எதிரி மௌனம். அதை ஒழித்துக்கட்டிய பெருமை எங்கள் வானொலி நிலையத்தையே சாரும். நான் அதன் நிகழ்ச்சி மேலாளர் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் சொல்லி, வாயை மூடிக்கொண்டு, அதன் பிறகே இசைத்தட்டில் முள்ளை வைப்பாராம். ஒரு நேரத்தில் ஒரே வேலை! என்ன சோம்பேறித்தனம். நாங்கள் பாட்டு ஓடும்போதே பேசுகிறோம். பாடகர் வாய் திறக்கும்வரை ஓடுவதெல்லாம் எங்கள் சுற்றறிக்கைப்படி 'இடைவெளி'. அதைப் பேசி நிரப்புவது அறிவிப்பாளரின் கடமை.

போன வாரம் ஒரு குழல்காரர் வந்தார். ஊரே முணுமுணுக்கும் ஒரு பழைய பாட்டின் தொடக்கத்தில் பதினெட்டு விநாடி புல்லாங்குழல் வருமே, அதை வாசித்தவர் தாமே என்றார்.

"என் வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கிறா சார். 'ரேடியோல உங்க குழல் வரட்டும், அப்ப ஒத்துக்கிறேன்'ங்கிறா. எப்பப் போட்டாலும் அந்த எடத்துல யாராச்சும் பேசிடுறாங்க. இருபது வருஷமா வீட்டுல எனக்குப் புளுகுமூட்டைன்னு பேரு. ஒரே ஒரு தடவ பேசாமப் போடுங்க சார்."

என் கண் கலங்கிவிட்டது. உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"பதினெட்டு விநாடி யாரும் பேசலைன்னா, ரேடியோ ரிப்பேர்னு நெனச்சு ஜனம் வேற ஸ்டேஷனுக்குப் போயிடும்" என்றார் விளம்பரப் பிரிவுத் தலைவர்.

"குழல் கேக்குமே?" என்றார் பொறியாளர். அவர் பழைய ஆள்.

"கேட்டா? அது என்ன சொல்லுதுன்னு யாருக்குப் புரியும்?" என்று மடக்கினார் விளம்பரத் தலைவர்.

பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, குழல்காரருக்குச் 'சிறப்பு மரியாதை' செய்யத் தீர்மானித்தோம்.

மறுநாள் காலை அவரை என் அறையில் உட்கார வைத்தேன். பாட்டு தொடங்கியது. கூடவே எங்கள் அறிவிப்பாளர் பெண், அந்தக் குழலின் இனிமையைப் பற்றி எழுதி வைத்திருந்ததைக் குரல் தழுதழுக்க வாசித்தாள். "பேசாமக் கேளுங்க நேயர்களே! ஒரு விநாடிகூடத் தவற விட்டுடாதீங்க!" சரியாகப் பதினெட்டாவது விநாடியில் முடித்தாள். பாடகர் ஆரம்பித்தார். என்ன துல்லியம்!

குழல்காரர் மனைவிக்குப் போன் செய்தார். நான்தான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"கேட்டியா?"

"கேட்டேங்க. அந்தப் பொண்ணு என்னமா வாசிச்சா! நீங்க வாசிச்சது எப்ப வரும்?"

அவர் போனை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பதிவேட்டை எடுத்துப் பெருமையோடு எழுதினேன்: 'இன்று இசையால் நமது ஒலிபரப்புக்கு எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை.'