பங்களா நானாவின் ஆறுபைக் கட்டில்

கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் நகரம் வரைக்கும், புதுச் சாமானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் மனிதர் ஒரே ஒருவர்தான். அவரைப் பங்களா நானா என்பார்கள். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய அடையாள அட்டைக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தொழில் கருவாடு. குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து மீன்வாடிகளில் எடுத்து, மலைநாட்டுச் சந்தைகளில் கொண்டுபோய் விற்பார். லொறி அவருடையது, ஓட்டுவது நான். வடக்குச் சண்டை முடிந்து, கற்பிட்டிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்திருந்த காலம் அது. மற்றக் கருவாட்டுக்காரர்கள் சரக்கை விற்றுவிட்டு வெறும் லொறியோடு திரும்புவார்கள். எங்கள் லொறி மட்டும் போனதைவிடப் பாரமாகத் திரும்பும். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன பங்களாக்களில் எது மிஞ்சிக் கிடந்தாலும் அது இவருக்கு வேண்டும். கைப்பிடி இல்லாத தேத்தண்ணி ஊற்றும் போச்சி, காலில்லாத கதிரை, கதிரையில்லாத கால்.

ஒரு முறை அப்புத்தளையில் வட்டமான பித்தளைச் சாமான் ஒன்றை மணிக்கூடு என்று வாங்கினார். ஒரே ஒரு முள். அது மழை வருமா வெயில் வருமா என்று காட்டும் கருவியாம், ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் சொன்னார். சரி, மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று வாடியில் தொங்கவிட்டார். மலை உயரத்துக்குச் சரிபார்த்து வைத்த சாமான், கடல்மட்டத்துக்கு இறங்கியதும் முள் போய் ஒரு கோடியில் ஒட்டிக்கொண்டது. எப்போதும் நல்ல வெயில். கூரைத் தகரம் பறக்கிற காற்றிலும் நல்ல வெயில்.

"நானா, இது பொய் சொல்லுது" என்றேன்.

"பொய் இல்லடா. அது இன்னும் அப்புத்தளையிலதான் இரிக்கிறன் எண்டு நெனைக்கிது."

பத்திரிகைகூடப் பழசுதான் வாசிப்பார். கருவாடு சுற்ற வாங்கும் கட்டுகளில் நல்ல பழுப்பாகப் போன தாளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போவார். "பாண் விலை கூடப் போகுதாம்" என்று பதறிச் சொல்வார். அந்த விலை கூடி, குறைந்து, மறுபடி கூடி, அந்த அரசாங்கமே வீட்டுக்குப் போயிருக்கும். புதுப் பத்திரிகையை நீட்டினால் தொடமாட்டார். "இது இன்னும் காயல்ல" என்பார், ஈரக் கருவாட்டைத் தள்ளுகிற மாதிரி.

மலையில் அவர் சாமான் தேடும் விதமே தனி. பழைய பங்களா ஒன்றைக் கண்டால் நேராகக் குசினிப் பக்கம் போவார். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். ஒரு துண்டு கட்டா மீன் கருவாட்டைக் கொடுத்து, "கொஞ்சம் பொரிச்சுத் தாங்களேன், பசிக்கிது" என்பார். அந்த மணம் பனிமூட்டத்துக்குள் இறங்கி தொழிலாளர் லயங்கள் வரைக்கும் போகும். சோற்றுக் கோப்பையோடு நாலு பேர் வந்துவிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டுச் சிநேகமான பிறகு, தனக்கு வேண்டாத ஒரு சாமானைக் காட்டி அரைமணி நேரம் பேரம் பேசுவார். கடைசியில் எழும்பும்போதுதான், வேண்டிய சாமானைக் காலால் தட்டி, "இந்தக் கட்டையையும் போட்டு வைங்க, அடுப்புக்கு ஆகும்" என்பார்.

கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாத மனிதர், மலை வளைவுகளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார். "கடல்ல விழுந்தா மிதக்கலாம். இஞ்ச விழுந்தா என்ன செய்றது?" ஒரு சாரத்தை இடுப்பிலும் இன்னொன்றைத் தலையிலும் கட்டியிருப்பார். அதற்கு மேல் ஒரு சாக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் விற்காமல் திரும்பிய சரக்கு மாதிரியே இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அவருக்கென்று ஓர் அறை, கட்டில், அலுமாரி எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் வந்து அறையைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒரு சம்பந்தம், வீடு சின்னது என்று கைநழுவிப் போயிருந்தது. அதனால் நானாவின் மனைவி, நான் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற அந்த மனுசி, இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்க, டவுன்ல கண்ணாடி வச்ச செட் ஒண்டு பாத்து வச்சிரிக்கிறன். கட்டிலும் அலுமாரியும் புதுசாத்தான் வரணும். ஒங்கட காயலான் சாமான் ஒண்டும் என்ட புள்ளட அறைக்குள்ள வரக்கூடாது."

"புதுக் கட்டிலா? பலகைத் தூளும் பசையும். மாப்புள தும்மினா ஒடஞ்சி போகும்."

"மாப்புள தும்மமாட்டார்!"

நானா அலுமாரிக்கு மட்டும் தலையாட்டினார். கட்டிலுக்கு ஆட்டவில்லை. அடுத்த நாளே லொறியில் ஏறிவிட்டார்.

நுவரெலியாவுக்கு மேலே, கூரை பாதி இறங்கிய ஒரு பங்களா. வழக்கம்போலக் கருவாடு பொரிந்தது. அதன் காவல்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே பின்னறையைத் திறந்து காட்டினார். உள்ளே, கொழுந்துச் சாக்குகளுக்கு அடியில், யானைக்கால் மாதிரி தடித்த கால்களோடு பிரமாண்டமான ஒரு மரச் சட்டம். கால்களில் பூவேலை. சுற்றிவர ஒரு சாண் அகலத்துக்கு வரம்பு. அதில் அங்கங்கே பச்சைத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும், இரண்டு பக்க நடுவிலும், நூலால் பின்னிய பைகள். மொத்தம் ஆறு.

நானாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பேரத்தில் அவர் வாய் திறந்து நின்றதை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"இது துரைமார்ட கட்டில்" என்றார் மெதுவாக.

"நானா, எனக்கென்னவோ பெரிய கெரம் போர்ட் மாதிரி இரிக்கி."

"ஒனக்கு எப்பவும் வெளையாட்டுத்தான். பாரு, பச்சைத் துணி. எவ்வளவு நல்ல நெறம்! இந்த வரம்பு புள்ளைகள் உருண்டு விழாம இரிக்க. பை, சாமான் வைக்க."

காவல்காரரிடம் கேட்டோம். "நமக்குத் தெரியாதுங்க நானா. நான் வந்த காலத்துலயே சாக்குதான் கெடந்துச்சு. மேல கல்லுப் பலகை இருந்துச்சாம். அத எங்காளுங்க பீலிக்கரையில துணி தோய்க்கப் போட்டுட்டாங்க."

"இந்தக் குளிருல துரைமார் கல்லுலயா படுத்தாங்க?" என்றேன் நான்.

"அதான் குளிர் தாங்கேலாம ஊருக்கே போயிட்டாங்க" என்றார் நானா, யோசிக்காமல்.

காவல்காரர் கேட்டது ஒரு பொதி கருவாடு. நானா இரண்டு பொதி கொடுத்தார். லயத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கி லொறியில் ஏற்றினார்கள். இறங்கும் வழியில், வளைவுகளில்கூட அவர் கண்ணை மூடவில்லை. திரும்பித் திரும்பிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னத்துக்கு நானா இவ்வளவு பாடு? அந்தப் புதுச் செட்டை வாங்கினா லாத்தாவும் சிரிச்சிட்டுப் போவா."

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது அவர் கையில் கொண்டுவந்தது ஒரு கேத்தல். அவசரத்தில் மூடிகூட வரவில்லை. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கேத்தலையும் மூடிக்குப் பதிலாக வைத்த சிரட்டையையும் அவர் வீட்டில் கண்டிருக்கிறேன்.

"இந்தக் கட்டில் அந்த அறைய விட்டு நூறு வருஷமா வெளிய வரல்லடா" என்றார். "புதுக் கட்டிலுக்கு ஒரு எடத்துல இரிக்கிற பழக்கம் இல்ல."

ஊருக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கட்டில் நன்றாகவே காட்டியது. கதவால் போகவில்லை. யன்னலால் போகவில்லை. கழற்றலாம் என்றால் ஆணியெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. மேசன் பாஸ் வந்து அறையின் பக்கச் சுவரின் கற்களைப் பெயர்த்து, கட்டிலை உள்ளே தள்ளி, மறுபடி சுவரைக் கட்டினார். கரைத்தீவில் இருந்துகூட ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். லாத்தா வாசலில் தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

"அல்லாஹ்வே, இனி இத வெளிய எடுக்கவும் ஏலாதே!"

"ஓம்" என்றார் நானா, பூசிய ஈரச் சுவரைத் தடவிக்கொண்டு. "யாராலயும் ஏலாது."

பலகை அடித்து, மெத்தை போட்டு, புது விரிப்பு விரித்தாகிவிட்டது. ஒரே ஒரு குறை. கருவாட்டு லொறியில் மழையில் நனைந்து வந்த மரம், அறை முழுக்கக் கட்டா மணந்தது. மாப்பிள்ளையின் உம்மா அறை பார்க்க வந்த அன்று, மணத்தை அமுக்க லாத்தா சாம்பிராணி போட்டார். போட்ட அளவுக்கு வந்த பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தவர்கள் மையித்துக் கிடக்கும் சாவு வீடு என்று நினைத்திருப்பார்கள்.

புகைக்குள்ளிருந்து அந்த உம்மா கேட்டார்: "கட்டில் பெருசாத்தான் இரிக்கி. இந்த ஆறு பையும் என்னத்துக்கு?"

திரைக்குப் பின்னால் என்னோடு நின்ற நானா பாடம் ஒப்புவித்தார். "ஒண்டு தஸ்பீஹ் மாலைக்கு. ஒண்டு மூக்குக்கண்ணாடிக்கு. ஒண்டு டோச் லைட். ஒண்டு போன். ஒண்டு தொப்பி."

"ஆறாவது?"

லாத்தா திரையை விலக்கி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆறாவது," என்றது திரை, "பேரப்புள்ளட பால் போத்தல்."

அந்த உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முடிவு சொல்லவில்லை. "படுக்கப் போறவன் அவன். மவன் டோஹாவால வந்து பாத்துச் சொல்லட்டும்" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை வந்திறங்கும் வரைக்கும் லாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை அறை பார்க்க வந்த நாளில் மணப்பெண்ணைக் குசினிக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நான்தான் அவரை அறைக்குக் கூட்டிப்போனேன். அமைதியான ஆள். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். வரம்பைத் தடவினார். ஒரு பைக்குள் கையை விட்டு எடுத்தார். குனிந்து காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது எங்க எடுத்த?"

"மலையில. ஏன்?"

குரலைத் தாழ்த்தினார். "டோஹாவுல ஹோட்டல்ல எனக்கு இத தொடைக்கிறதுதான் வேல. பில்லியர்ட் மேசை. கோலால தட்டிப் பந்த இந்தப் பைக்குள்ள விழுத்துவாங்க."

என் வாழ்க்கையில் நான் சொன்ன கேலி ஒன்று உண்மையானது அன்றுதான். கெரம் போர்ட்! தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு நானா உள்ளே வந்தார். பின்னால் லாத்தா, முந்தானையை வாயில் பிடித்தபடி. குசினிக் கதவும் ஒரு விரற்கடை திறந்தது.

"மருமவன்," என்றார் நானா. "கட்டில் எப்பிடி?"

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். புதிதாகப் பூசிய சுவரைப் பார்த்தார். அந்தத் திட்டு இன்னும் மற்றச் சுவரின் நிறத்துக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மெத்தையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்து, மூலைப் பைக்குள் போட்டார். சரியாக அளந்த மாதிரிப் போய் உட்கார்ந்தது.

"மாமா, இப்பிடிச் சாமான நான் பெரிய பெரிய ஹோட்டல்லதான் கண்டிரிக்கிறன்" என்றார்.

நானா என் பக்கம் திரும்பிய திருப்பத்தை வாசகர்களே கற்பனை செய்துகொள்ள வேண்டும். "கேட்டியா? கெரம் போர்ட் எண்டு சொன்னியே!"

கல்யாணம் நடந்தது. ஆறாவது பையில் பால் போத்தல் வந்தது, இப்போது இரண்டாவது பிள்ளையின் போத்தல். ஊரில் யாருடைய விஷயமும் என் வாயில் ஒரு பகல் தங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒன்றை மட்டும் மாப்பிள்ளையும் நானும் இத்தனை காலம் வைத்திருந்தோம்.

இன்றைக்கு இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டதில் பயமில்லை. புதுப் பத்திரிகையைப் பங்களா நானா தொடமாட்டார். இந்தத் தாள் பழுப்பேறி, கருவாட்டுக் கட்டோடு அவர் கைக்குப் போய்ச் சேர இன்னும் ஐம்பது அறுபது வருடமாவது ஆகும். அன்றைக்கு அவர் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இதை வாசித்துவிட்டு, என்னைத் தேடிவந்து ஏச வேண்டும்.