மதுரையிலிருந்து வந்த டீச்சர்

பிள்ளை படிக்க வேண்டுமென்றால் அம்மாவும் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். நம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பரீட்சை ஹாலில் என் மானத்தைத் தொலைத்துவிட்டு வந்தேன். தேடிக்கொண்டு திரும்பப் போகவும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை. ஒரே மகள் கவிதா ஐந்தாவது படித்தாள். அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு இந்தி டியூஷன் வந்தது. அம்மை வந்த மாதிரி வீட்டுக்கு வீடு பரவியது. இந்தி தெரிந்தால் பேங்க் வேலை வீடு தேடி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நானும் கவிதாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவளுக்கோ சாயங்காலமானால் வாடகை சைக்கிள் கடைக்கு ஓட வேண்டும். முழங்காலில் சிராய்ப்போடு வந்தால்தான் அவளுக்கு அது நல்ல நாள்.

இந்திப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே கொட்டாவி விட்டாள். நான் திட்டித் தீர்த்தேன். ஒருநாள் அவள் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"நீ படிச்சுப் பாரும்மா, அப்பத் தெரியும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். நானும் பரீட்சை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடனே ஒப்பந்தம் போட்டாள். நான் பாஸானால் அவள் மூச்சுக் காட்டாமல் அடுத்தடுத்த பரீட்சை எல்லாம் எழுதுவாள். நான் பெயிலானால் இந்திக்கு முழுக்கு, சாயங்காலம் சைக்கிளுக்கு. அவள் அப்பாதான் சாட்சி. (சாட்சியோ நியூஸ் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.)

எனக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படித்தவள். டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. அதே மாதம் மாப்பிள்ளையும் கிடைத்தார். வீட்டில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு டிரெயினிங்கை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அழுதேன், பிறகு சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். அப்பேர்ப்பட்ட எனக்குச் சின்னப் பிள்ளைகள் எழுதும் பரீட்சை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

எம்மாத்திரம் என்று முதல் வாரமே தெரிந்தது. இந்தியில் 'க' மட்டும் நாலு. நமக்கு ஒரு 'க'வை வைத்தே இத்தனை காலம் குடும்பம் நடக்கவில்லையா? அடுப்படியில் நின்று நாலையும் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். என் வாயில் நாலும் ஒன்றாகத்தான் வந்தன. கா, கா, கா, கா. செத்த நேரத்தில் பின்பக்கச் சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு லட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு அமாவாசையா? காக்காவுக்குச் சோறு வைக்கீகளா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், அதிலும் 'க' நாலு. பாத்திரம் விளக்கிக்கொண்டே நாலு 'க'வையும் தனித்தனியாக, நறுக்கென்று சொல்லிக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டியூஷனில் எனக்குச் சுத்தமாகப் பிடிபட்ட வார்த்தை ஒன்றுதான். நாங்கள் உள்ளே நுழைந்ததும் இந்தி சார் தினமும் சொல்கிற "பைட்டோ." உட்காருங்கள் என்று அர்த்தம்.

பரீட்சை நாள் வந்தது. நல்ல காரியமாயிற்றே என்று பட்டுச்சேலை கட்டினேன். கைக்கடிகாரம், தோளில் கைப்பை, கக்கத்தில் குடை. பஸ்ஸில் கவிதா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கா போறோம் என்று கேட்டாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து, ஹாலுக்குள் போய் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் பின்னாலேயே வாசலில் போய் நின்றேன். உள்ளே அத்தனையும் பொடிப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்று, "நமஸ்தே டீச்சர்" என்றார்கள்.

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, 'அய்யா, நானும் உங்களை மாதிரித்தான்' என்பது. சொல்ல வரவில்லை. சின்ன வயசில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை நடித்துப் பார்த்த காட்சி அது. கையை அமர்த்திக் காட்டினேன்.

"பைட்டோ," என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். கவிதா மட்டும் தலையை டெஸ்க்குக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. பின்னாலேயே பரீட்சைப் பொறுப்பாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "மதுரை டீச்சர் நீங்கதானா? பஸ் லேட்டோ? மணியடிக்கப் போறான், சீக்கிரம் குடுங்கம்மா," என்று கேள்வித்தாள் கட்டை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஹாலுக்கு ஓடினார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றுவரை வீட்டில் சாதித்து வருகிறேன். திறக்கவில்லை.

வரிசை வரிசையாகக் கேள்வித்தாள் கொடுத்தேன். என் மகளுக்கும் கொடுத்தேன். அவள் நிமிராமல், "தேங்க்யூ டீச்சர்" என்று வாங்கிக்கொண்டாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். பேசாதே என்றேன். நிமிர்ந்து உட்காரு என்றேன். ஒரு பொடியன் ஒரு கேள்வியைக் காட்டி அர்த்தம் கேட்டான். எனக்கும் அது விளங்கவில்லை. நல்லா யோசிச்சு எழுது என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானும் பரீட்சை எழுத வந்தவள் என்பதே மறந்துபோயிற்று.

அரைமணி நேரம் போயிருக்கும். பொறுப்பாளர் திரும்ப வந்தார். கூடவே நூல்சேலை கட்டிய ஒரு அம்மா, மூச்சு வாங்க.

"இவங்கதான் மதுரை டீச்சராம்," என்றார். என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

ஹால் முழுக்கப் பேனாக்கள் நின்றுவிட்டன. கைப்பையைத் திறந்து என் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அதை அவர் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். நான் தட்டிக் கொடுத்தேனே, அந்தப் பொடியன்தான் முதலில் சிரித்தான். பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பட்டுச்சேலையைப் பார்த்து அதுவும் தயங்கிவிட்டது போலிருக்கிறது.

தப்பில் பாதி அவர் பேரிலும் இருந்ததால் பொறுப்பாளர் என்னை எழுத விட்டார். கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கித் திணித்து உட்கார்ந்தேன். பசுவைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். இந்தியில் பசுவுக்கு எந்த 'க' என்று எனக்கு நிதானமில்லை. ஏதோ ஒன்றைப் போட்டேன், அது முதல் 'க'. போட வேண்டியது மூன்றாவதாம். பசு 'காய்' ஆகிவிட்டது. காய்க்கு நாலு கால், காய் புல் தின்னும், காய் பால் தரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பரீட்சை முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று கவிதாவிடம் சொல்லியிருந்த பால்கோவாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கவிதா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாளோ என்று எனக்குப் பயம். திரும்பிப் பார்த்தால் பால்கோவாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எம்மா, நீ டீச்சராவே இருந்திருக்கலாம். நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். பிறகு இலையை மடித்துக்கொண்டே, "பரிச்சை எழுதுனதுதான் தப்பாப் போச்சு," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. அவள் பாஸ், நான் பெயில். அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போய்விட்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவள் அப்பாவுக்குத்தான் கொண்டாட்டம். அன்றிலிருந்து அவருக்குக் காபி வேண்டுமென்றால், "டீச்சரம்மா, ஸ்டூடண்டுக்கு ஒரு காபி கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்.

அவள் இந்தியை அதற்குப் பிறகு தொடவில்லை. பேங்க் வேலை மட்டும் எப்படியோ கிடைத்தது. இந்தி தெரியாமலே கிடைத்தது. போட்ட இடம் நாக்பூர். அங்கே போய் ஆறே மாதத்தில் காய்கறிக்காரியிடமும் ஆட்டோக்காரரிடமும் சண்டை போட்டே சரளமாகக் கற்றுக்கொண்டாள். நாலு 'க'வும் அவள் வாயில் அழகாக வருகின்றன. ஒரு வருஷம் நான் கத்தியதை நினைத்தால் தொண்டைதான் வலிக்கிறது.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி வீட்டுப் பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கவிதா என்னைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னாள். அம்மா, டீச்சர் என்ற இரண்டும் மட்டும் காதில் விழுந்தன. பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்று, "நமஸ்தே டீச்சர்ஜி" என்றார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிஜமாகவே வாயைத் திறந்தேன்.

"பைட்டோ," என்றேன்.