ஜன்னல் சாரும் ஒற்றை மெட்டியும்

அப்பால் இருக்கும் எதுவும் தெரியாத ஒரு கறுப்பு வில்லையைத் தூக்கிக் காட்டி, "இதான்யா ஜன்னல்!" என்று சாதிக்கும் துணிச்சல் இந்த உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தகரக் கொட்டகை ஆலையில் நான் வாக்யூம் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர்தான் என் மேலதிகாரி. நாங்கள் வைத்த பெயர் ஜன்னல் சார்.

வேலை இதுதான். குறைக்கடத்திப் பொடியோடு துளி வெள்ளி சேர்த்து, காற்றை உறிஞ்சிய ஜாடிக்குள் சூடேற்றினால், அது ஆவியாகி உப்புக்கல் வில்லையின் மேல் மெல்லிய படலமாகப் படியும். நம் கண்ணுக்கு அட்டைக்கரி. ஆனால் உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதற்குள் தாராளமாகப் போகும். பின்னால் இருக்கும் மீட்டரில் முள் ஆடும். வில்லைக்கு ஈரம் ஆகாது என்பதால் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும்.

"அறிவு கீதாய்யா உனக்கு? உப்புய்யா அது, கரைஞ்சிடும்!" என்று சார் கத்துவார்.

ஒரு நாள் சொன்னார்கள், மறுநாள் டில்லியிலிருந்து வில்லையைச் சோதிக்க ஆள் வருகிறார் என்று. அன்று பார்த்து வெள்ளி தீர்ந்துபோயிற்று. சார் சட்டைப்பையைத் துழாவினார். வளைந்த மெட்டி ஒன்று அகப்பட்டது. ஆசாரியிடம் கொடுத்து நிமிர்த்தச் சொல்லி சாரின் மனைவி கனகம்மா தந்தது. "வாணாம் சார்" என்று நான் வாயெடுப்பதற்குள் அதை வெட்டி ஜாடிக்குள் போட்டுவிட்டார்.

படலம் என்றால் அதுதான் படலம்! வாசலில் ஆள் நின்றாலே முள் துள்ளியது. டில்லிக்காரர் சாரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். வீட்டில் கதை வேறு.

"மெட்டிய இன்னா பண்ணீங்க?"

"ஆவியாக்கிட்டேன், கனகம்மா."

அடுத்த பஸ்ஸிலேயே கனகம்மா பொதட்டூர்பேட்டைக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மெட்டி வெள்ளியில் கலந்திருந்த செம்பால்தான் படலம் அத்தனை நன்றாக வந்தது என்று சாருக்குப் பிறகு புரிந்தது. சமாதானம் பேசப் போன இடத்திலாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"கனகம்மா, அந்த இன்னொரு மெட்டியையும் குடுத்தீன்னா..."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. துணைக்குப் போன பாவத்துக்கு எனக்கும் காலை நாஷ்டா போச்சு.

அதன்பிறகு மனுஷர் துரும்பாக இளைத்தார். மெட்டிப் படலத்தை மீட்டரோடு வாசலைப் பார்க்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முள் ஆடினால் சடக்கென்று தலை நிமிரும். டீக்காரர். தலை தொங்கும். மறுபடி ஆடும், நிமிரும். நான்.

"நீயாய்யா?" என்பார். அந்த ஏக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வர ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் முள் ஆடியது. ஏமாந்து அலுத்தவர் நிமிரவே இல்லை.

"ஊட்டுக்கு வர்ற எண்ணமே இல்லியா?"

வாசலில் ஊரிலிருந்து திரும்பிய கனகம்மா, ஒரு காலில் மட்டும் மெட்டியோடு. சார் பதறி எழுந்தார்.

"நீ வந்துட்டேன்னு உன் மெட்டி சொல்லிச்சு, கனகம்மா. நான்தான் நம்பல."

சாருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அப்போதும் உப்பு வில்லையில் சொட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவி மனுஷர்.

இப்போது அந்த ஆலையும் இல்லை, சாரும் இல்லை. ஆனாலும் என் வீட்டு வாசலில் நிழல் தட்டினால் நான் சடக்கென்று நிமிர்கிறேன். "நீயாய்யா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகக்கூடாதா அவர்?