நான் ஃப்ரிட்ஜுக்காக அழவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. அதற்கு முழுப் பொறுப்பும் நீங்கள்தான் என்று தெரிவிக்கவே இக்கடிதம்.

போன மாதம் நான்கு பேரோடு என் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கி, "மாமா, ஒரு சின்ன விளம்பரம். நீங்கதான் அப்பா. சோபாவுல உக்காந்து டிவி பாத்துக் கண் கலங்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள். டிவி பார்ப்பது எனக்குக் கைவந்த கலை என்பதால் ஒப்புக்கொண்டேன். வந்தவர்கள் முதல் வேலையாக என் டிவியின் முகத்தில் பச்சைக் காகிதத்தை ஒட்டி, நான்கு மூலையிலும் கறுப்பு டேப்பில் கூட்டல் குறி போட்டார்கள். அடுத்து, நான் ஆசையாகப் போட்டிருந்த பச்சைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பச்சை எங்கே இருந்தாலும் கம்ப்யூட்டர் அதை எடுத்துவிட்டு வேறு படத்தை வைத்துவிடுமாம், கழற்றாவிட்டால் என் வயிற்றிலும் படம் ஓடுமாம். ஓடட்டும், வயிறு என்னுடையது என்றேன். நீங்கள் கெஞ்சியதால் வெள்ளைக்கு மாறினேன். நான் விட்டுக்கொடுத்தது அதோடு சரி.

"அழுங்க மாமா" என்றீர்கள்.

"எதப் பாத்து?"

"பச்சையப் பாத்து."

"பச்சையில என்ன வரும்?"

"விளம்பரம் குடுக்கற கடைக்காரங்க இன்னும் முடிவு பண்ணல. அப்புறமா வெச்சுக்கலாம்."

மாப்பிள்ளை, பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். விவரத்தைப் பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்று வெற்றுத் தாளை நீட்டியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்ன விஷயம் என்று தெரியாமல் கையெழுத்தே போடாதவன் கண்ணீர் மட்டும் விட்டுவிடுவேனா? கேமராக்காரர் கிளிசரினோடு வந்தார். போலி ஆவணம் நம்மிடம் செல்லாது என்று சொல்லிவிட்டேன். ஒன்பது முறை எடுத்தும் தேறவில்லை. இது சொதப்பினால் வேலையே போய்விடும் என்று என் காதோடு சொன்னீர்கள். சரி, நீங்கள் தராத படத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்று அந்தப் பச்சையை முறைத்துப் பார்த்தேன்.

அதில் என்ன தெரிந்தது என்று இன்றுதான் சொல்கிறேன். உங்கள் கல்யாணம் தெரிந்தது. என் மகள் உங்களோடு காரில் ஏறிய நேரம். அன்று எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும், வாடகை நாற்காலியில் ஒன்று உடைந்திருக்கிறது, அதை உடைத்தது யார் என்று பந்தல்காரரோடு மல்லுக்கு நின்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. எட்டு வருடமாக நிலுவையில் கிடந்த அந்த அழுகை பத்தாவது முறையில் பைசலானது. நீங்கள் "சூப்பர் மாமா" என்று கட்டிப்பிடித்தீர்கள்.

நேற்று விளம்பரம் வந்தது. பச்சை இருந்த இடத்தில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று மெல்லச் சுற்றுகிறது. கீழே தள்ளுபடி. எதிரே நான் தாரை தாரையாக அழுகிறேன். என் மூக்குக் கண்ணாடியில்கூட அந்தச் சனியன் சுற்றுகிறது. வேலைப்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் காலையில் மருந்துக்கடைக்காரர், "அந்த ஃப்ரிட்ஜ வாங்கிட்டீங்களா சார், இல்ல இன்னும் அழுதுட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டார். கூட நடக்க வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். பெற்ற மகளுக்காக அழுதவனை ஊர் ஃப்ரிட்ஜுக்காக அழுதவன் என்கிறது. எனக்கு வலிக்கிறது, மாப்பிள்ளை.

ஆகவே அந்த ஃப்ரிட்ஜை உடனே அகற்றவும். உங்கள் மேலதிகாரி முறைத்தால் என்னிடம் அனுப்பவும். ஒரு வாரத்தில் அகற்றாவிட்டால், அதே சோபாவை அந்த ஃப்ரிட்ஜ் கடை வாசலில் போட்டு, 'நான் ஃப்ரிட்ஜுக்காக அழவில்லை' என்று அட்டை பிடித்து உட்காருவேன். கிழவன் சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்க வேண்டாம். இதில் என் மகளை இழுக்கவும் வேண்டாம்.

ஆசிகள் இருவருக்கும், கோபம் உங்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
மசியாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் மனைவி போன் செய்தாள். விளம்பரத்தைப் பார்த்தாளாம். சிரிக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "அப்பா, அது ஃப்ரிட்ஜுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "அன்னிக்குக் கார்ல பின்கண்ணாடி வழியா பாத்தேன். கையில உடைஞ்ச நாற்காலியோட தெருமுனை வரைக்கும் ஓடி வந்தீங்க. இதே மூஞ்சிதான்." எழுதியதைக் கிழிக்க மனமில்லை, அனுப்புகிறேன். ஃப்ரிட்ஜ் இருந்துவிட்டுப் போகட்டும்.